பெற்றோர் கையொப்பம்

பாடத்தை என் தலையில் கட்டியது எச்.எம்.தான். மற்றதெல்லாம் நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்லச் சொல்லப் பழியை வேறு யார் மேலாவது போட எனக்கே ஆசை வந்துவிடும்.

இந்த வருடம் பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு அத்தியாயம் வந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்த வருடங்களில் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்களே, அது. ஏழாம் வகுப்புக்கு ஒரு பீரியட், ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று, பதினொன்றாம் வகுப்புக்கு ஐந்து. எங்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தருக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிறது, எந்த வேலை சொன்னாலும் முதுகைப் பிடித்துக்கொள்வார். இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருக்கிறாள். மிச்சம் நான்.

"படம் கிடம் எதுவும் காட்டிடாதீங்க மேடம். எலும்பும் தோலுமா கிடப்பாங்களே, அதெல்லாம் வேண்டாம். பேரண்ட்ஸ் வந்து நிப்பாங்க," என்றார் எச்.எம். "பசங்க பயப்படக் கூடாது. ஆனா புரியணும்."

பயப்படாமல் புரிய வேண்டுமாம். இதை இந்த எச்.எம். அம்மா சொல்கிறார், இருபது வருடமாகத் தன் செருப்புச் சத்தத்தாலேயே ஒரு மாடி முழுவதையும் வாயடைக்க வைக்கிறவர். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயைக் கொடுத்தால் பன்னிரண்டாம் வகுப்பையும் சேர்த்துக் கொடுப்பார்.

இரண்டு வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. புத்தகங்கள், அச்செடுத்த தாள்கள், வரைபடங்கள். என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நாங்க ஒரு லிஃப்ட்டையே அரை நாள்ல கழட்டி மாட்டிடறோம். நீ ஒரு பாடத்துக்கு இந்தப் பாடு படறியே," என்று சீண்டுவார். நான் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள். அந்த இரண்டு வாரம் கொடுக்கவில்லை.

படங்கள்கூட இல்லை, என்னைக் கவிழ்த்தது ரயில் கட்டணம். சாகப்போகிறவர்களை ஏற்றிப் போன ரயில்களுக்கு ரயில்வே முறையாகக் கட்டணம் வாங்கியிருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். இதை எங்கோ ஒரு அறையில் ஒருத்தர் உட்கார்ந்து, கோடு போட்டு, கூட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கையால் யாரையும் அடித்துக்கூட இருக்க மாட்டார். அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். துப்பாக்கியில் தொடங்கவில்லை, தாளில் தொடங்கியது. உன் தாத்தா பாட்டி நான்கு பேரும் யார் என்று, யூதர்களைப் பிரித்தெடுக்க அந்த அரசாங்கம் போட்ட சட்டம் கேட்டது. நான்கில் மூன்று பேர் யூதர் என்றால் நீயும் யூதன். நீ கோயிலுக்குப் போகிறாயா, எதை நம்புகிறாய், யாரைக் கட்டிக்கொண்டாய் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு தாள். அதில் நான்கு கட்டங்கள். அம்மாவின் அம்மா, அம்மாவின் அப்பா, அப்பாவின் அம்மா, அப்பாவின் அப்பா. ஒவ்வொருவரும் பிறந்த ஊர், வீட்டில் பேசிய மொழி, மதம், தொழில். பிள்ளைகள் ஜாலியாக நிரப்பிக் கொண்டுவருவார்கள். அடுத்த வகுப்பில் அதை அவர்கள் கையிலேயே கொடுத்து, "இந்தத் தாளைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இருக்கா? இல்லல்ல? அவங்களுக்கும் அன்னிக்கு பயமா இல்ல" என்பேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். இதை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை நடித்துக் காட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

நான் வகுப்பாசிரியையாக இருக்கும் ஒன்பதாம் வகுப்பில் முதலில் செய்து பார்ப்பதாகத் திட்டம். தாளை நானே கணினியில் அடித்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் எந்தத் தாளைத் தயாரித்தாலும் தலைப்பில் பெயர், வகுப்பு, வரிசை எண், முகவரி. அடியில் பெற்றோர் கையொப்பம். பரீட்சைத் தாளோ, சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதமோ, கை தானாகவே அடித்துவிடும். அன்றைக்கும் அடித்தது. ஒரு வகுப்பு விளையாட்டுக்கு முகவரி எதற்கு, கையொப்பம் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஒரு டீச்சரைத் தவிர.

ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாதவளும் இல்லை நான். ஆறு மாதமாக டி.வி.யைத் திறந்தால் "அந்தப் பக்கத்து ஆட்கள்" என்ற பேச்சுதான். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். பார்ப்பதற்கு எங்களைப் போலத்தான் இருப்பார்கள், பேசுவதும் எங்களைப் போலத்தான். முதலில் அவர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார்கள். பிறகு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்றார்கள். பிறகு, விவரம் சரிபார்க்க வேண்டும் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரிபார்த்து யாரும் திரும்பி வந்ததாகக் கேள்விப்படவில்லை. எங்கள் தெருமுனைத் தையல் கடை ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. ஷட்டரில் வெள்ளைப் பெயின்டால் ஒரு எண் எழுதியிருந்தது. தைக்கக் கொடுத்த என் துணி இரண்டு உள்ளே மாட்டிக்கொண்டதே என்று ஒரு வாரம் புலம்பினேன். தையல்காரர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பாடம் வேறு, தெரு வேறு என்று என் மனசு கோடு போட்டு வைத்திருந்தது.

தாள்கள் மூன்று நாளில் வந்து சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. வரிசை எண் இருபத்திமூன்று. வகுப்பில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் அவ்வளவு சின்னவள், கேள்வி கேட்டால் அவ்வளவு கூர்மை. கையெழுத்தோ அச்சடித்த மாதிரி. கெட்டிக்காரப் பிள்ளை தாளை வெறுமையாகக் கொண்டுவந்தால் டீச்சருக்குத் தனிக் கோபம் வரும்.

"மறந்துட்டேன் டீச்சர்," என்றாள் முதல் நாள்.

"அப்பாவுக்கு வேலை அதிகம் டீச்சர்," என்றாள் இரண்டாம் நாள்.

மூன்றாம் நாள் வகுப்பு முன்னால் நிறுத்தினேன். "சொந்தத் தாத்தா பாட்டி எந்த ஊர்னு தெரியாத பொண்ணா நீ? நாளைக்கு எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டு வரணும். இல்லேன்னா வாரம் பூரா வெளியதான் நிக்கணும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திமிர் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் தாள் வந்தது. நான்கு கட்டங்களும் அந்த அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. அடியில் அப்பாவின் கையொப்பம். நான் படிக்கக்கூட இல்லை. சிவப்பு மையால் "நன்று" என்று எழுதி, வரிசை எண்படி அதன் இடத்தில் செருகி, கட்டை ஸ்டாஃப் ரூம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பாடக்குறிப்பு நோட்டிலும் எழுதினேன்: "செயல்பாடு ஒன்று, குடும்ப விவரப் படிவம், அனைவரிடமிருந்தும் பெறப்பட்டது." எச்.எம். பச்சை மையால் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு டிக் அடித்தார். அந்த டிக்கை நான் ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்குக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதினொன்றாம் வகுப்புக்கான பகுதியைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தைப் பற்றியது. அந்த நாட்டில் குடிமக்கள் எல்லோருடைய விவரமும் அட்டை அட்டையாக, துளிப் பிழையில்லாமல் அடுக்கப்பட்டிருந்ததாம். நல்ல எண்ணத்தில், நல்ல நிர்வாகத்துக்காக. படையெடுத்து வந்தவர்களுக்குத் தேடுகிற வேலையே இல்லாமல் போனது. அங்கே இருந்த யூதர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அட்டைகளைக் கொளுத்திவிடச் சிலர் ஓர் அலுவலகத்துக்குள் புகுந்திருக்கிறார்கள். ஆனால் அட்டைகளை அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருந்ததால் பெரும்பாலானவை எரியவில்லை. அவர்களில் பலரைப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள்.

வீட்டுக்காரர் மேசையில் கிடந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதிகமாக அச்செடுத்ததில் மிஞ்சியது.

"அட, இது உனக்கு எங்க கிடைச்சுது? நேத்து நான் வேலை பார்த்த பில்டிங்ல வீடு வீடாப் போய் எழுதிட்டு இருந்தாங்களே, அவங்க கையிலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு."

"அது நான் அடிச்சது. பசங்களுக்கு."

"அப்படியா. அவங்களுதுல கையெழுத்துக்கு இடமே இல்ல. நீ பரவால்ல, வீட்டுப் பெரியவங்க கையெழுத்தோட வாங்கிட்டே," என்று சிரித்தார்.

அவர் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு அந்தத் தாள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது, நான் படிக்காமல் "நன்று" போட்ட தாள். படிக்கவில்லை என்றேனே, அது பொய். கண் படித்திருக்கிறது, மனசுதான் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு கட்டங்களில் மூன்றில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்கள் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் இல்லை.

"என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார். சொன்னேன். அவர் படிவத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "காலைல முதல் வேலையா அதை எடுத்துட்டு வந்துடு," என்றார்.

புதன்கிழமை பள்ளிக்குள் நுழையும்போதே பிரேயருக்கு முன்னால் ஆசிரியர்கள் எல்லோரையும் எச்.எம். அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அந்தப் பக்கத்தில் பிறந்திருந்தால், அந்த மாணவர்களின் பெயரும் முகவரியும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பப்பட வேண்டும். எச்.எம். அதைத் தபால் படிக்கிற குரலில் படித்தார்.

"நம்மகிட்ட அந்த மாதிரி விவரம் எதுவும் இல்லையே மேடம்," என்றார் முதுகு வலிக்காரர். அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

"அதான் எனக்கும் கவலை. நல்லவேளை, ஒன்பதாவதுக்கு மட்டுமாவது மேடம் எல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க," என்று எச்.எம். என்னைப் பார்த்தார். பாராட்டுகிற பார்வை. "அதே ஃபார்மை மத்த வகுப்புக்கும் கொடுத்துடலாம். காப்பி எடுக்கச் சொல்லியிருக்கேன்."

அறை மூலையில் நின்ற அலுவலக எழுத்தர் தலையாட்டினார். பிள்ளைகள் அவருக்கு மூணு நகல் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கொண்டுபோனாலும் மூன்று பிரதி கேட்பார். மெதுவான, மரியாதையான மனுஷன். அவரைப் பார்த்து அதுவரை யாரும் பயந்ததில்லை.

முதல் மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. மூச்சு வந்தது. கயிற்றைப் பிரித்தேன். முதல் தாளாக இருக்க வேண்டியது வரிசை எண் ஒன்று. மேலே இருந்தது இருபத்திமூன்று.

யாரோ கட்டை முழுக்கப் புரட்டி, வேண்டியதை எடுத்துப் பார்த்துவிட்டு, மேலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அலமாரிக்கு இன்னொரு சாவி அலுவலகத்தில் இருக்கிறது. கட்டைப் பைக்குள் திணித்து, மேலே சால்வையைப் போட்டு, நான்கு மணி வரை அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பாடம் நடத்தினேன். பை கனக்கவில்லையா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது.

குண்டூசியின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் நேராக அங்கே போனேன். ஒடுங்கிய கடை. சுவர் முழுக்க ஃபிரேம்கள். எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டை ஒன்று தொங்கியது. அவர் உள்ளே சாணை இயந்திரத்தில் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வாங்க டீச்சர். கண்ணாடியா?"

"இல்ல சார். உங்க பொண்ணு கொடுத்த பேப்பர்." எடுத்து நீட்டினேன். "திருப்பிக் கொடுக்க வந்தேன்."

அவர் அதை வாங்கவில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எழுத வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றார். "வாரம் பூரா வெளிய நிக்க வெச்சிடுவாங்கன்னு அழுதா. பொய்யா வேற ஊர் போட்டுக் கொடுடின்னா, டீச்சர்கிட்ட பொய் எழுத மாட்டேன்னுட்டா. சரி, ஸ்கூல்தானே, டீச்சர்கிட்டதானே இருக்கப் போகுதுன்னு நானும் கையெழுத்துப் போட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"யாரோ பார்த்துட்டாங்க சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் போகுது. மத்த பேப்பர் எல்லாத்தையும் இன்னிக்கே அழிச்சிடுவேன். ஆனா பார்த்தவங்க ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது." "என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கவும் எனக்கு வாய் வரல."

அவர் தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது ரொம்ப நிதானமாக இருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தவர் மாதிரி.

"பொண்ணு வரலைன்னா ஆபீசுக்கு எப்போ தெரியும்?"

"தினமும் பத்து மணிக்கு எழுத்தர் வகுப்பு வகுப்பா வந்து எண்ணிக்கை வாங்குவார்."

"அவர் ஒவ்வொரு தலையா எண்ணுவாரா?"

"இல்ல. வகுப்பு லீடர் போர்டு மூலைல எழுதியிருப்பா. அதைப் பார்த்துக் குறிச்சிட்டுப் போவார்."

"எங்களுக்கு ரெண்டு நாள் போதும் டீச்சர். மலைப் பாதையில அதுக்குள்ள போயிடலாம். நாளைக்கும் நாளன்னிக்கும் அவ ஸ்கூல்ல இருக்கான்னு அவங்க நினைச்சா போதும். வரலைன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு ஆள் வரும். அப்புறம் ரோட்டை மறிப்பாங்க." இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். "ரெண்டு பேருக்குக் கண்ணாடி முடிச்சுக் கொடுக்கணும். வரலைன்னா தேடிட்டு வருவாங்க."

நான் வெளியே வந்தபோது அவர் மறுபடி லென்ஸைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். எரிக்கலாமா என்று கேட்டார். நெருக்கிக் கட்டிய தாள் எரியாது என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். தவிர, புகை வாசனை வந்தால் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டம்மாவைப் பற்றி அப்படி யோசித்தது அதுதான் முதல் தடவை. தாள்களைக் கையால் கிழித்துக் கிழித்துத் துவைக்கிற வாளியில் ஊறப்போட்டோம். அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பிசைந்தார். நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் கலங்கியது. யாருடைய பாட்டி, யாருடைய ஊர் என்று தெரியாத கூழாக ஆனதும் பிழிந்து குப்பைப் பையில் கட்டினோம்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறே?" என்றார்.

"தொலைஞ்சுடுச்சுன்னு."

"நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க," என்றேன்.

நம்பவில்லை. வியாழக்கிழமை காலை எச்.எம். பாடக்குறிப்பு நோட்டைத் திறந்து, என் கையெழுத்தையும் தன் பச்சை டிக்கையும் எனக்குக் காட்டினார். "அனைவரிடமிருந்தும் பெறப்பட்டதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்போ தொலைஞ்சுடுச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?" அவர் கை நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அவருக்கும் பயம் என்று அப்போது புரிந்தது. அது என் பயத்தை இன்னும் கூட்டியது. பயந்தவர்கள் எதையும் செய்வார்கள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். நல்லாத் தேடிப் பாருங்க," என்று முடித்தார்.

வகுப்புக்குப் போனேன். அன்றைக்குத்தான் அந்தப் பாடத்தின் முதல் பீரியட். இரண்டாவது பெஞ்சில் ஓரத்து இடம் காலியாக இருந்தது.

வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். இருபத்திரண்டுக்கு ஒரு பையன் குரல் கொடுத்தான். இருபத்திமூன்றை நான் கூப்பிடவில்லை, டிக் மட்டும் போட்டுவிட்டு இருபத்திநான்குக்குப் போனேன். அவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், இருபத்திமூணு விட்டுட்டீங்க," என்றாள் லீடர்.

லீடர் நீளமான, ஒல்லியான பெண். தன் உயிர்த் தோழி பேசினாலும் பலகையில் பெயர் எழுதுகிறவள். அந்த நேர்மைக்காகத்தான் அவளை நானே லீடர் ஆக்கினேன். பலகை மூலையில் அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள்: மொத்தம் 41, வந்தவர் 40.

"விடல. அவ வந்திருக்கா."

"இல்ல டீச்சர். சீட்டு காலியா இருக்கே."

மொத்த வகுப்பும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு அந்த நாற்பது முகங்களையும் பார்க்கப் பயமாக இருந்தது. ஆறு மாதமாக நான் காது இழுத்து, முதுகில் தட்டி, மார்க் போட்டு வளர்த்த பிள்ளைகள். மூன்றாவது பெஞ்சில் இருப்பவனின் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். ஜன்னலோரப் பெண்ணின் அண்ணன் ஷட்டர்களில் எண் எழுதுகிற கூட்டத்தோடு சுற்றுகிறான் என்று கேள்வி. மற்றவர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? தாத்தா பாட்டியைப் பற்றிக் கேட்டேனே தவிர, அதைக் கேட்கவில்லை.

நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுத்தர் பக்கத்து வகுப்பில் எண்ணிக்கை வாங்கிக்கொண்டிருந்தார்.

"கேளு," என்றேன் லீடரிடம், குரலைத் தாழ்த்தி. "இன்னிக்கு அவ வந்திருக்கான்னு இருக்கணும். இல்லேன்னா அவளுக்கும் அவங்க வீட்டுக்கும் ஆபத்து. அதுக்குக் காரணம் நான்தான். இதுக்கு மேல சொல்ல நேரம் இல்ல."

அவள் அசையவில்லை. சாக்பீஸ் பிடித்த கை அப்படியே இருந்தது. நானே போய்ப் பலகையை மாற்றியிருக்கலாம். போகவில்லை.

கதவருகே எழுத்தர் வந்து நின்றார். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பென்சில். வழக்கமாக உள்ளே பார்க்காமல் பலகை மூலையைப் பார்ப்பவர், அன்றைக்குப் பெஞ்சுகளைப் பார்த்தார். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. அங்கே ஓரத்து இடத்தில் இப்போது ஒரு பை இருந்தது, திறந்த நோட்டு இருந்தது, பேனா இருந்தது. பக்கத்திலிருந்த பெண் எப்போது தள்ளி வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"எத்தனை?" என்றார் எழுத்தர்.

"நாற்பத்தொண்ணு சார்," என்றாள் லீடர். "பாத்ரூம் போயிருக்கா ஒருத்தி. நான்தான் தப்பா எழுதிட்டேன்." பூஜ்யத்தை விரலால் அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

எழுத்தர் பென்சிலை எடுத்தார். உடனே எழுதவில்லை. அந்தப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தவர் அவர்தானா, திறந்து எழுதி வைத்துக்கொண்டாரா, அல்லது நான் பார்த்து எச்சரிக்கை ஆகட்டும் என்று அந்தத் தாளை மேலே எடுத்து வைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குறித்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்குப் போனார். செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறியது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லீடர் பலகை பக்கத்திலேயே நின்றாள்.

"நாளைக்கும் நாற்பத்தொண்ணா டீச்சர்?"

"நாளைக்கும்."

அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பெஞ்சில் போலீஸ்காரர் மகன் கையைத் தூக்கினான். பாடம் ஆரம்பித்தாலே தூங்கி விழுகிற பையன். எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டான்.

"வீட்ல கேட்டா என்ன டீச்சர் சொல்றது?"

நாலு மணிக்கு மணி அடித்ததும் நாற்பது பேரும் நாற்பது வீட்டுக்குப் போவார்கள். இரண்டு வாரமாகத் தயாரித்த தாள்கள் என் முன்னால் மேசையில் இருந்தன, வரைபடமும் ஆண்டுகளும் எண்களுமாக. அவற்றை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்திட்டு வாடா," என்றேன்.